வக்கடையைத் திறக்கச் சொன்ன ராத்தாவுக்கு

அறிவித்தல். அறிவித்தல். அன்புக்குரிய ஊர் ஜமாஅத்தார்களே! நமது வீட்டு அலுமாரியின் கீழே நெடுநாளாக ஓய்ந்து கிடந்த கறுப்பு றப்பர் பூட்ஸ் சோடியில் வலது காலானது, இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, பக்கத்து வீட்டு ஆட்டினால் கடித்துக் குதறப்பட்டுவிட்டது என்பதை ஆழ்ந்த கவலையுடன் அறியத் தருகிறோம். இடது கால் சுகமாக இருக்கிறது. ஆடும் சுகமாக இருக்கிறது.

ராத்தா, இதைப் பள்ளிவாசல் மைக்கிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். மோதினார் என் முகத்தைக் கண்டதுமே வாசலை மறித்துக்கொண்டார். "நீ இந்தப் பக்கம் வந்தா நல்லதுக்கு வரமாட்டாய். போடா, ஊட்ட போய்ப் படி" என்றார். அதனால்தான் இந்த மடல். மைக் கிடைத்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டி வந்திருக்காது.

பூட்ஸ் உங்களுடையதுதான். ஆடு துப்பிப் போட்ட துண்டுகளைப் பொறுக்கும்போது உள்ளேயிருந்து காய்ந்த சேறு உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். நீங்கள் வேலை முடிந்து வந்து குசினி வாசலில் நிற்கும்போது வரும் அதே வாசம். கொஞ்சம் அழுகல், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மழை. எந்த வட்டையின், எந்த வயல்வெளியின் சேறு இது என்று எனக்குத் தெரியவில்லை. காரைதீவா, திருக்கோவிலா, நம்முடையதா? நீங்களென்றால் விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்துச் சொல்லியிருப்பீர்கள். நான் நசுக்கினேன். விரல் அழுக்கானது. அவ்வளவுதான் தெரிந்தது.

இந்தக் கரையிலிருந்து மண்ணைப் படிப்பதற்கென்று பல்கலைக்கழகம் போன முதல் பெண் நீங்கள்தான் என்று உம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். நீங்கள் கண்டிப் பக்கத்துப் பேராதனைக்குப் போனபோது எனக்குச் சிலேட்டுக் குச்சியைத் தின்னும் வயது. "டொக்டருக்குப் படிக்கிற புள்ள மண்ணப் படிக்கப் போறாளாமே" என்று வீதியில் ஒரு மாமி கேட்டதற்கு, "சோறு மண்ணிலயா விளையிது, டொக்டர்ட ஊசியிலயா விளையிது?" என்று உம்மா திருப்பிக் கேட்டாராம். எனக்கு இருக்கும் வாய்க்கொழுப்பு எந்தப் பக்கத்துச் சொத்து என்பது இதில் தெரிந்திருக்கும்.

தம்பி என்ற உரிமையில் நான் உங்களுக்கு வைத்த பெயர் மண்ணாங்கட்டி மேடம். விடுமுறைக்கு வந்து இறங்கியதும் பஸ் நிற்கும் இடத்திலேயே அப்படித்தான் கத்துவேன். நீங்கள் ஒருநாளும் கோபித்ததில்லை. "ஓம்டா. ஒண்ட மண்டைக்குள்ள இரிக்கிறதத்தான் நான் சோதிக்கிற. இன்னும் ஒண்ணும் முளைக்கல்ல" என்பீர்கள். பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் சிரிப்பார்கள். வெற்றி உங்கள் பக்கம்.

கடல் ஊருக்குள் ஏறிய அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உம்மா என்னைத் தேங்காய் வாங்கப் பிரதான வீதிக்கு அனுப்பினார். தேங்காய் இருந்தது. நான் இருந்தேன். உம்மாவும் வீடும் இல்லை.

வாப்பா வயலில் இருந்ததால் தப்பினார். தப்பினார் என்று எழுதுகிறேன். அவர் அந்தச் சொல்லை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. உம்மாவை மற்றவர்களோடு சேர்த்து மையவாடியில் நீளமாக வெட்டிய குழியில் வைத்தோம். எந்த இடத்தில் என்று வாப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கண்டியிலிருந்து லொறி மாறி லொறி ஏறி நீங்கள் வந்து சேர்ந்தபோது குழி மூடப்பட்டிருந்தது. நீங்கள் குனிந்து ஒரு பிடி அள்ளினீர்கள். "மணல்தான். ஈரம் நிக்காது. உம்மாக்கு நனையாது" என்றீர்கள். அழாமல் சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற பெண்கள் உங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் அது ஆறுதலாக இருந்தது. வேறு யாரும் எனக்கு உம்மாவைப் பற்றி ஒரு தகவல் தரவில்லை. எல்லோரும் பொறுமை பொறுமை என்றுதான் சொன்னார்கள்.

பிறகு பள்ளிக்கூட முகாம். வகுப்பறையின் ஒரு மூலை நமக்கு. உங்கள் பையில் உடுப்பை விட அதிகமாக இருந்தது சின்னச் சின்ன பொலித்தீன் பைகளும், பேனாவைப் போல ஒரு கருவியும். தண்ணீரில் நுனியை வைத்தால் அதில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று எண் காட்டும். உப்பு மீட்டர் என்று பெயர் வைத்தேன். நீங்கள் வெளியே போயிருந்த ஒரு பகல், முகாமில் பகிர்ந்த பருப்புக் கறிக்குள் அதை வைத்துப் பார்த்தேன். பிறகு பக்கத்துக் குடும்பத்தின் பருப்பு. பிறகு வரிசையாக எல்லோருடைய பருப்பும். மேசை மேல் ஏறி நின்று, "கடலுக்கு முதலிடம்! சமையல்கார நானாவுக்கு இரண்டாமிடம்!" என்று முடிவுகளை அறிவித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் வாசலில் நின்றீர்கள்.

"டேய், அதுக்குள்ள எண்ணெய் போனா மீட்டர் செத்திரும்டா!" என்று ஓடி வந்து பறித்தீர்கள். நுனியை முந்தானையால் துடைத்தீர்கள். துடைத்தபடியே, "எவ்வளவு காட்டிச்சி?" என்று கேட்டீர்கள். சொன்னேன். ஒரு கணம் யோசித்தீர்கள். "அப்ப அந்த நானா சமைச்சா வயலுக்கே ஆகாது" என்றீர்கள். சிரித்தீர்கள். உம்மா போன பிறகு நம் மூலையில் கேட்ட முதல் சிரிப்பு. வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவருடைய முதுகு குலுங்கியது. சிரித்தாரா என்று இன்றைக்கும் தெரியாது.

உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓத முன்னரே நீங்கள் வயலில் இறங்கிவிட்டீர்கள் என்று ஊரில் கதைத்தார்கள். இறங்கினீர்கள்தான். கடல் தோணா ஓடை வழியாக ஏறி, வீதியைத் தாண்டி, மேற்கே நம் வட்டைக்குள் புகுந்து, கதிர் தள்ளாத குடலைப் பருவத்தில் நின்ற வெள்ளாமை முழுவதையும் படுக்கப் போட்டிருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் ஒரு சேற்றுப் படை. "நல்ல வண்டல் மாதிரி இரிக்கி, உழுது உள்ள தள்ளுவம்" என்றார்கள் விவசாயிகள். வேண்டாம், சுரண்டி வரம்புக்கு எடுங்கள் என்றீர்கள் நீங்கள். பூட்ஸைப் போட்டுக்கொண்டு நீங்களே முதலில் சுரண்டினீர்கள். மருதமுனை தொடங்கி அறுகம்பே வரைக்கும், கடல் எங்கெங்கே ஏறியது, எந்த வயலில் எவ்வளவு உப்பு என்று நடந்து நடந்து பார்த்து ஒரு வரைபடம் கீறினீர்கள். இந்தக் கரைக்கு அப்படி ஒரு படம் அதற்கு முன் கிடையாது என்று உங்கள் விவசாயக் கந்தோர்க்காரர்கள் சொன்னார்கள். கடும் உப்புக்குச் சிவப்புப் பென்சில். நம் வயல் சிவப்பு.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கடல் நமக்கு உப்பிட்டது. அதனால் நாமும் உள்ளளவும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

விவசாயிகளுக்கு உங்களோடு இருந்த பெரிய வில்லங்கம் வேறு. கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள், இறைத்தால் கீழேயிருக்கும் உப்புத் தண்ணீர் மேலே வரும் என்று வீடு வீடாகச் சொன்னீர்கள். வயலுக்கு வந்தால், மழைத் தண்ணீரை நிறையக் கட்டி, கலக்கி, அப்படியே திறந்து ஆற்றுக்கு விடுங்கள், திரும்பக் கட்டுங்கள், திரும்ப விடுங்கள் என்றீர்கள். சொறிக்கல்முனைச் சவரிமுத்து அண்ணனின் வயல் நம் வயலுக்கு அடுத்துக் கீழே. அவர் தலையைச் சொறிந்துகொண்டே என்னிடம் கேட்டார்: "தம்பி, ஒங்கட ராத்தா கிணத்துத் தண்ணிய வச்சிரு எங்கிறா, வயல் தண்ணிய விட்டிரு எங்கிறா. இவக்குத் தண்ணியோட என்ன கோவம்?"

"அண்ணன், அவ படிச்சவ. படிச்சாக்கள் நேரா ஒண்டும் சொல்லமாட்டாங்க" என்றேன்.

ஆனாலும் கேட்டார்கள். வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையார் ஒரு நாளைக் குறித்தார். மேல் வயல் தொடங்கிக் கடைசி வயல் மட்டும், ஒவ்வொரு வரம்பிலும் தண்ணீர் வெளியேற விடும் வெட்டு வாய் இருக்கிறதே, அந்த வக்கடையை எல்லோரும் ஒன்றாகத் திறக்க வேண்டும். வயலிலிருந்து வயலுக்கு இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு, தண்ணீர் ஆற்றில் விழ வேண்டும். நடுவில் ஒருவர் அடைத்தாலும் மேலேயிருந்து வரும் உப்பெல்லாம் அவருடைய வயலில் நிற்கும். இதை நீங்கள் வரம்பில் நின்று தொண்டை கட்டும்வரை சொன்னீர்கள்.

அன்றைக்கு மழை பொழிந்தது. எல்லோரும் திறந்தார்கள். வாப்பாவும் திறந்தார். லுஹர் தொழுகைக்கு ஆட்கள் கலைந்தார்கள். வானம் வெளுக்கத் தொடங்கியது. வானம் வெளுத்தால் வெள்ளாமைக்காரனுடைய கை மண்வெட்டியைத் தேடும், ராத்தா. அது அவன் யோசித்துச் செய்வதல்ல. தண்ணீர் வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவனால் முடியாது. பால்குடிப் பிள்ளை படலையைத் தாண்டி வீதிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல அது. வாப்பா மண்ணை வெட்டிப் போட்டு வக்கடையைக் கட்டினார்.

"வாப்பா, ராத்தா திறக்கச் சொன்னவதானே?" என்றேன்.

"அவ மத்தாக்களுக்குச் சொன்ன. மழ விட்டிச்சி. நம்மட தண்ணி நம்மட வயல்ல கெடக்கட்டும்."

எனக்கு இருப்பது வாய்க்கொழுப்பு என்றால், வாப்பாவுக்கு இருந்தது வாய்க்கால் கொழுப்பு. தொழுகை முடிந்து நீங்கள் வந்தபோது நம் வயல் வரம்பு தட்டி நின்றது. மேல் வயல்கள் அத்தனையும் கழுவி விட்ட உப்பு அதற்குள். நீங்கள் மீட்டரை வைத்துப் பார்த்தீர்கள். என்னிடம் எண்ணைச் சொல்லவில்லை. சவரிமுத்து அண்ணன் கீழ் வரம்பிலிருந்து வாப்பாவைப் பார்த்துக் கத்தினார்: "காக்கா! ஒங்கட மகள் சொன்னாவெண்டுதானே நாங்கெல்லாம் திறந்த? நீங்களே கட்டினா எப்பிடி?"

வாப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபக்கம் பார்த்தார்.

மழையில்லாத சிறுபோகத்துக்குக் கல்லோயா வாய்க்கால் தண்ணீர் வந்தது. வட்டை பச்சை பிடித்தது. மேல் வயல் பச்சை. சவரிமுத்து அண்ணனின் வயல் பச்சை. நடுவில் நம் வயல் மட்டும் முளைத்து, மஞ்சளாகி, நுனி கருகி, படுத்தது. தேத்தண்ணிக் கடையில், "சோதிக்கிற புள்ளட வயலே சோதனையில பெயில்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. நல்ல பகிடிதான். நான் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன். அன்றைக்கு அவருடைய சைக்கிளின் காற்றைத் திறந்துவிட்டு வந்தேன். வட்டையே தண்ணீரைத் திறந்து விடும்போது, அவருடைய காற்றுக்கு மட்டும் ஏன் அடைப்பு?

பகிடிக்குப் பின்னால் இருந்தது உங்களைத்தான் அரித்தது. காரைதீவிலும் திருக்கோவிலிலும் நீங்கள் போய் வக்கடையைத் திறக்கச் சொன்னால், அங்கேயுள்ளவர்கள் மரியாதையாகக் கேட்டார்களாம்: "பிள்ள, ஒங்கட தகப்பன்ட வயல் எப்பிடி?" தகப்பனே கேட்காத சொல்லை ஊர் எப்படிக் கேட்கும்? அடுத்த மாரி முடிவதற்குள் அவர்கள் கழுவாவிட்டால் உப்பு களியோடு பிடித்துக்கொண்டு மண் கல்லாகிவிடும் என்று பயந்தீர்கள். அந்தக் கிழமை நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. முகாமிலிருந்து மாறி வந்த தகரக் கொட்டிலில் வரைபடத்தை விரித்து வைத்து, சிவப்புப் பென்சிலின் நுனியைக் கடித்துக்கொண்டே இருந்தீர்கள்.

மாரி பிறந்து முதல் மழை விழுந்த காலையில் மூன்று பேரும் வயலுக்குப் போனோம். வயல் நிறைந்து நின்றது. வக்கடை கட்டியபடி இருந்தது. நீங்கள் நுனி கருகி மக்கிப் போன பயிரொன்றைப் பிடுங்கி வாப்பாவின் கையில் வைப்பீர்கள், விளக்கம் சொல்வீர்கள் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் செய்யவில்லை.

"வாப்பா, திறங்க" என்றீர்கள்.

"போன தண்ணி திரும்பி வராது மகள்."

"ஓம். வராது."

"மறுகா மழ பெய்யாட்டி?"

 நீங்கள் அவரைப் பார்த்துச் சொன்னீர்கள்: "கடல் உம்மாவக் கொண்டு போச்சி. அது விட்டிட்டுப் போன உப்பையும் நீங்க கட்டி வச்சிக்கிட்டா இரிக்கப் போறீங்க, வாப்பா?"

வாப்பா உங்களைப் பார்த்தார். வயலைப் பார்த்தார்.  மண்வெட்டியை எடுக்கவே இல்லை. குந்தி இருந்து இரண்டு கையாலும் மண்ணைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். தண்ணீர் ஓவென்று கீழே பாய்ந்தது. கீழ் வரம்பில் ஏற்கெனவே தன்னுடைய வக்கடையைத் திறந்து வைத்துக் காத்திருந்த சவரிமுத்து அண்ணன், அன்றைக்கு எந்தச் சத்தமும் போடவில்லை. தண்ணீர் வடியும்வரை வாப்பா எழும்பவில்லை. உம்மா போன நாளிலிருந்து அவர் அழுததை நான் முதலாவதாகப் பார்த்தது அங்கேதான்.

அந்தப் பெரும்போகம் விளைந்தது. முன்னைப் போல அல்ல, ஆனால் விளைந்தது. வாப்பா ஒரு கதிரைக் கிள்ளிக்கொண்டு உங்களோடு பஸ் ஏறி திருக்கோவிலுக்கு வந்தார். முன்பின் தெரியாத விவசாயிகளின் முன்னால் நின்று, "நான் கட்டினன், கருகிச்சி. நான் திறந்தன், விளைஞ்சிச்சி. எண்ட மகள்ட சொல்லக் கேளுங்க" என்றார். அதைவிட நீளமாக அவர் எங்கும் பேசியதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் அவரிடம், "நீங்க அண்டைக்குக் கட்டாம விட்டிருந்தா எனக்கு இப்பிடி ஒரு சாட்சி கிடைச்சிராது" என்றீர்கள். வாப்பாவுக்கு வெட்கம் வந்து யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தெற்கே ஒவ்வொரு வட்டையாகத் திறந்தார்கள். படத்தில் சிவப்பு குறைந்தது.

"மண்ணுக்கும் மறதி இரிக்கி. ஆனா தண்ணி குடுத்துத்தான் மறக்கப் பண்ணணும்" என்று அடிக்கடி சொல்வீர்கள். இரண்டு மாரி கழுவினால் போதும், பிறகு தேவையில்லை என்பதும் உங்கள் கணக்கு. நம் வயலை வாப்பா அந்த இரண்டு மாரியும் கழுவினார். மூன்றாவது மாரியும் கழுவினார். நான்காவதும். முதல் தண்ணீர் வயலில் ஏறினால் அதை ஒருமுறை திறந்து விடாமல் அவருக்கு விதைக்க வராது. "போதும் வாப்பா, உப்பு போய்ட்டு" என்று நீங்கள் சொல்லியும் பார்த்தீர்கள். "நீதானே சொன்ன" என்பார். 

இதற்குள் யுத்தம் கிழக்கை விட்டு வடக்கே போனது. சோதனைச் சாவடிகளில் உங்கள் மண் பைகளைக் கொட்டிக் கிளறிப் பார்த்தார்கள். எந்தப் பை எந்த வயல் என்று குழம்பிப் போய் நீங்கள் திரும்ப நடந்து போய் எடுத்து வந்த நாட்கள் உண்டு. மூடிக் கிடந்த வயல்களுக்குச் சனங்கள் திரும்பியபோது, முட்புதரை வெட்டிக்கொண்டு முதலாவதாக அவர்களோடு உள்ளே போனதும் நீங்கள்தான். இந்த நாட்டில் மண்ணுக்காக அடிபட்டவர்கள் ஏராளம். உங்களைப் போல் மண்ணிடம் சுகம் விசாரித்த வேறு யாரையும் நான் காணவில்லை.

அப்படிப் போன ஒரு பயணத்திலிருந்து காய்ச்சலோடு வந்தீர்கள். டெங்கு என்றார்கள். கண்டிக்குக் கொண்டு போனோம். கட்டிலில் கிடந்துகொண்டு, "என்னடா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்று கேட்டீர்கள். "உங்களச் சோதிக்கிறாங்க, முளைக்குதா பாப்பம்" என்றேன். உதடு மட்டும் சிரித்தது. எனக்கு அந்தப் பகிடியைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு வழி இருந்தால் எடுத்துக்கொள்வேன்.

உங்களை வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய அன்றுதான் யுத்தம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். வழி நெடுக பட்டாசு வெடி. ஒரு டவுனில் கொடிகளோடு சனம் வீதியை நிறைத்து நின்றதால் வேன் நின்றது. ஓர் இளைஞன் யன்னலால் கையை விட்டு, வாழையிலைத் துண்டில் பாற்சோற்றை நீட்டினான். சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்தவன் உங்களை முழுக்க மூடியிருந்த வெள்ளைத் துணியைக் கண்டான். சிரிப்பு போய்விட்டது. திரும்பித் தன்னுடைய ஆட்களிடம் சிங்களத்தில் ஏதோ கத்தினான். வெடி நின்றது. சனம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் அவன் அப்படியே நின்றான். வாப்பா அந்தப் பாற்சோற்றை வாங்கிக்கொண்டார். வேன் நகர்ந்த பிறகு விரலால் ஒரு பருக்கையை எடுத்து வாயில் வைத்தார்.

"உப்புப் பத்தல்ல" என்றார்.

இலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர். நான் சமைத்தால் வாப்பா பேசாமல் சாப்பிடுவார். வாப்பா சமைத்தால் நான் பேசிக்கொண்டே சாப்பிடுவேன். உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் பிரிவு எடுத்திருக்கிறேன். வகுப்பில் இரசாயனவியலுக்கு நான்தான் முதலாவது. சந்தேகமென்றால் இரண்டாவதாக வந்தவனின் முகத்தைப் பாருங்கள். உங்கள் உப்பு மீட்டர் என்னிடம்தான். மின்கலம் மாற்றி, நுனி கழுவி, பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். பருப்புக்குள் வைப்பதில்லை. வட்டையில் யாருக்காவது பயிர் மஞ்சளித்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். "மண் ராத்தாட தம்பி" என்கிறார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், எண்ணைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவேன். ராத்தாவிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு குணம்தான், உண்மைக்கு முன்னால் எனக்குத் தாட்சண்யம் கிடையாது என்று ரியூஷன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். மாணவிகள் பக்கம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இந்த மாரி பிந்திவிட்டது. மழையைக் காணவில்லை. விதைப்புக்கென்று வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு முறையைத் தவறவிட்டால் அடுத்த முறைவரை காத்துக் கிடக்க வேண்டும். வட்டவிதானையார் வீட்டுக்கு வந்து, வாப்பா பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, என்னிடம் கதைத்தார். "மனே, ஒங்கட வாப்பா வழமை போல முதல் தண்ணியத் திறந்து விடுவாரு. இந்த முற அது சரிவராது. விதைப்புப் பிந்திரும், கடைசியில கதிருக்குத் தண்ணி பத்தாது. நீ படிச்ச புள்ள. மீட்டர வச்சிக் காட்டி, உப்பு இல்ல எண்டு சொல்லி விளங்கப்படுத்து. நீ சொன்னாக் கேப்பாரு."

"அத எண்ட கையில விடுங்க. விஞ்ஞானம் எண்டா விஞ்ஞானம்தான்" என்றேன். சவரிமுத்து அண்ணனிடமும் அப்படியே சொன்னேன். தேத்தண்ணிக் கடையிலும் சொன்னேன். அனேகமாக ஆட்டைத் தவிர எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை நம் முறை. தண்ணீர் ஏறி நின்றது. வாப்பா வக்கடைக்குப் பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் குனிந்து மீட்டரை வைத்தேன். எண்ணைப் பார்த்தேன். ராத்தா, அதில் உப்பே இல்லை. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கூட அவ்வளவு சுத்தம் கிடையாது. நீங்கள் சொன்ன இரண்டு மாரியிலேயே எல்லாம் போய்விட்டது. உங்கள் கணக்கு சரி. மேல் வரம்பில் வட்டவிதானையார் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எப்பிடி மனே?" என்று வாப்பா கேட்டார். நரைத்த தாடியும், மடித்துக் கட்டிய சாரமும், என்னுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்ணும். "மகள் சொன்ன உப்பு இன்னும் இரிக்கா?"

எனக்கு வாய் திறந்தது. இவ்வளவு காலம் எதற்கும் அடைக்காத வாய்.

"இரிக்கி வாப்பா" என்றேன். "கொஞ்சம்."

"நான் சொல்லல்லயா?" என்று அவருடைய முகம் மலர்ந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குந்தி இருந்து கையாலேயே திறந்தார். மேல் வரம்பில் வட்டவிதானையார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இன்றைக்கு வட்டை முழுக்க விதைத்தாகிவிட்டது. நம் வயல் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது, அடுத்த முறைத் தண்ணீருக்காக. தேத்தண்ணிக் கடைப் பக்கம் நான் போகவில்லை. ரியூஷனுக்கும் பின்வாசலால்தான் போனேன். மன்னித்துக்கொள்ளுங்கள். மீட்டர் சரியாகத்தான் காட்டியது, ராத்தா. அதைப் படித்துச் சொன்ன விஞ்ஞானிதான் பிழை.